காலையில் வாழ்த்து, மாலையில் சுற்றறிக்கை... ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு வகுப்பறைக்கு எப்போது உதவும்?

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் செல்போனைத் திறந்தால், வாட்ஸ்அப்பில் குழுக்கள் வரிசைகட்டி நிற்கும். பள்ளிக்கு ஒன்று, குறுவள மையத்துக்கு ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. காலையில் பூங்கொத்துப் படத்தோடு வாழ்த்து வரும். பத்து மணிக்கு ‘மிக அவசரம், இன்றே பதிவேற்றவும்’ என்று ஒரு செய்தி வரும். மாலையில் சுற்றறிக்கை வரும்.

ஆனால், ‘மூணாம் வகுப்புப் பசங்க கழித்தல்ல ஒரே தப்பைத் திரும்பத் திரும்பப் பண்றாங்க, என்ன செய்யலாம்?’ என்று கூச்சமில்லாமல் கேட்பதற்கு இத்தனை குழுக்களில் ஒன்றாவது இருக்கிறதா?

சமூக ஊடகம் ஆசிரியர்களின் தொழில் திறனை வளர்க்குமா, அதற்கு எப்படிப்பட்ட குழு வேண்டும், எங்கே உஷாராக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

பக்கத்து அறையில் கேட்க ஆள் இல்லை

நகரத்தில் பெரிய மேல்நிலைப் பள்ளி என்றால் ஆசிரியர் ஓய்வறை இருக்கும். இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே, ‘அந்தப் பாடத்தை நீங்க எப்படி சார் எடுத்தீங்க?’ என்று கேட்டுவிடலாம். பல ஆசிரியர்கள் தொழிலைக் கற்றுக்கொள்வது இந்த டீ நேரத்தில்தான்.

கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் அந்த வசதி இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இந்த இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் விடுப்பு எடுத்தாலோ, பயிற்சிக்குப் போனாலோ மொத்தப் பள்ளியும் மற்றவர் தலையில். இதில் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பது?

திண்டுக்கல்லின் நில அமைப்பும் இதைக் கொஞ்சம் கடினமாக்குகிறது. மாவட்டத்தில் 14 வட்டாரங்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், அதாவது ‘டயட்’, மேற்கே ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறது. நத்தமோ கிழக்குக் கோடி. நத்தம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஆசிரியர் ஒரு சந்தேகத்துக்காக அங்கே போய் வர நினைத்தால் ஒரு நாள் போய்விடும்.

செல்போன் இந்தத் தூரத்தைக் குறைக்கும். ஆனால் தூரம் குறைந்துவிட்டாலே கற்றல் நடந்துவிடாது.

‘பயிற்சிதான் அடிக்கடி நடக்குதே, அப்புறம் எதுக்கு இது?’

நியாயமான கேள்வி. தேசிய கல்விக் கொள்கை 2020, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில் மேம்பாட்டுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2019 ஆகஸ்ட்டில் ‘நிஷ்தா’ என்ற தேசிய அளவிலான ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. கொரோனா காலத்தில் அது ‘திக்‌ஷா’ தளத்துக்கு மாறி ஆன்லைனில் நடந்தது.

தமிழக அரசு தேசியக் கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. அதற்கு முன்பே, 2022 ஜூன் 13ஆம் தேதி ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கி, அதற்கான பயிற்சிகள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அளிக்கப்படுகின்றன. கொள்கை எதுவானாலும் பயிற்சிக்குக் குறைவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட பெரிய பயிற்சிகள் பெரும்பாலும் படிப்படியாக இறங்கி வருபவை. மாநிலத்தில் சிலர் கற்று, மாவட்டத்தில் சொல்லி, அங்கிருந்து வட்டாரத்துக்கு வந்து, கடைசியில் ஆசிரியரிடம் சேரும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்திப்போகும்.

இன்னொன்று, பயிற்சி நடக்கும் நாளில் சந்தேகம் வராது. கைத்தட்டி முடித்துக் கிளம்பி, இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வகுப்பில் நிற்கும்போதுதான் வரும். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் குழந்தைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் உட்கார்ந்திருக்க, மூன்று நிலைகளையும் ஒரே ஆசிரியர் கவனிக்கும்போது, மொட்டுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அரும்பு என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு அன்றே பதில் வேண்டும். அடுத்த பருவப் பயிற்சி வரை காத்திருக்க முடியாது.

பயிற்சிக்கும் வகுப்பறைக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் ஆசிரியர் குழுக்களுக்கு வேலை இருக்கிறது.

உத்தரவுக் குழு வேறு, கற்கும் குழு வேறு

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, வாட்ஸ்அப் பள்ளிக் கல்வியின் அன்றாடக் கருவியாகிவிட்டது. தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. அதற்குள் குழுக்கள் வேரூன்றிவிட்டன.

ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தகவல் மேலிருந்து கீழே இறங்கும் குழாய்கள். ‘அட்மின் மட்டும் பதிவிடலாம்’ என்று பூட்டி வைத்திருப்பதும் உண்டு. எமிஸ் பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, கூட்ட அறிவிப்பு போன்றவற்றுக்கு அது சரிதான். தகவல் தொலையாமல் சேரும்.

அதே குழுவில் கற்றலும் நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் கோளாறு. காரணம் எளிது. ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், முதலில் ‘எனக்கு இது வரலை’ என்று சொல்ல வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரும் தலைமை ஆசிரியரும் இருக்கும் குழுவில் அந்த வாக்கியத்தை எத்தனை பேர் தட்டச்சு செய்வார்கள்? ‘இவருக்கே கழித்தல் சொல்லித்தரத் தெரியலையாம்’ என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். அதனால் அந்தக் குழுவில் வெற்றிகள் மட்டும் படமாக வரும். வராத பாடங்கள் வராது. வராத பாடங்களைப் பேசினால்தானே மற்றவருக்கும் பயன்?

52லிருந்து 27 போனால் 35: ஓர் உதாரணம்

கற்கும் குழு எப்படி இருக்கும் என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். குஜிலியம்பாறை பக்கம் ஒரு பள்ளி. மூன்றாம் வகுப்பு. 15 ஆசிரியர்கள் மட்டும் உள்ள ஒரு குழுவில் அந்த ஆசிரியை இப்படிப் பதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“52ல இருந்து 27 போனா 35னு பதினோரு பேர்ல ஏழு பேர் எழுதுறாங்க. போர்டுல போட்டுக் காட்டுறப்ப நல்லா தலையாட்டுறாங்க. அடுத்த கணக்குல மறுபடி அதே தப்பு. யாராவது இதைச் சரி பண்ணியிருக்கீங்களா?”

கூடவே ஒரு சிலேட்டின் படம். குழந்தையின் முகமும் இல்லை, பெயரும் இல்லை.

நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது: “டீச்சர், அது கவனக்குறைவு இல்லை. 2ல 7 போகாதுன்னு 7ல 2ஐக் கழிச்சிடுறாங்க. பெரிசுல இருந்துதான் சின்னது போகும்னு அவங்களே ஒரு விதி வச்சிருக்காங்க. பத்துப் பத்தா ஈர்க்குச்சியைக் கட்டிக் கொடுங்க. அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. ஏழு குச்சி உதிரியா எடுக்கச் சொல்லுங்க. கட்டைப் பிரிச்சாத்தான் முடியும்னு அதுங்களே கண்டுபிடிக்கும்.”

நத்தத்திலிருந்து இன்னொருவர்: “பெட்டிக்கடைக்குப் போற பசங்கதானே. அஞ்சு பத்து ரூபாய்த் தாளும், ரெண்டு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து 27 ரூபாய்க்குப் பொருள் வாங்கச் சொல்லுங்க. சில்லறை மாத்தாம கொடுக்க முடியாதுல்ல.”

இரண்டு நாள் கழித்து ஆசிரியை திரும்பி வருகிறார்: “அஞ்சு பேர் தெளிஞ்சுட்டாங்க. ரெண்டு பேருக்குக் குச்சியில வருது, நோட்டுல வரலை.”

உடனே அடுத்த யோசனை: “குச்சியில இருந்து நேரா எண்ணுக்குப் போகாதீங்க. நடுவுல நோட்டுல கட்டையும் உதிரியையும் படமா வரையச் சொல்லுங்க. கட்டை அடிச்சுட்டு பத்துக் கோடு போடட்டும். அப்புறம் எண்ணுக்கு வாங்க.”

பாடநூல் இதை ‘இனமாற்றம்’ என்கிறது. பயிற்சியிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்த உரையாடலில் மூன்று விஷயங்கள் நடந்திருக்கின்றன. கேள்வி ‘கணக்கு வரலை’ என்று பொத்தாம்பொதுவாக இல்லை, குறிப்பிட்ட ஒரு தவறைப் பற்றியது. பதில் சொன்னவர்கள் ஃபார்வர்டு அனுப்பவில்லை, தாங்கள் செய்துபார்த்ததைச் சொன்னார்கள். கேட்டவர் செய்துவிட்டுத் திரும்பி வந்து, என்ன நடந்தது என்று சொன்னார். இந்த மூன்றாவது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வெறும் அரட்டையாகவே போய்விடும்.

மாவட்டம் தாண்டிய தொடர்பு எதற்கு?

சில பிரச்சினைகளுக்குப் பக்கத்துப் பள்ளியிலும் பதில் இருக்காது. வேடசந்தூர், வடமதுரை வட்டாரங்களில் நூற்பாலைகள் அதிகம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்தால், அவர்களின் குழந்தைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்வார்கள். தமிழே தெரியாத ஒரு குழந்தை ஜூலை மாதம் திடீரென்று இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

இதே சூழலைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஊர் திருப்பூர். அங்கே ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரோடு தொடர்பு இருந்தால், முதல் மாதத்தில் என்ன சொற்களைக் கற்றுத் தந்தார், யாரோடு உட்கார வைத்தார், எது எடுபடவில்லை என்பதைப் பத்து நிமிடக் குரல் பதிவில் தெரிந்துகொள்ளலாம்.

அதேபோல், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் திண்டுக்கல் மாவட்டத்தில் கணிசம். அவர்களுக்குத் தமிழ் எழுத்து அறிமுகம் செய்த அனுபவம் கிருஷ்ணகிரி ஆசிரியர்களிடமும் இருக்கும். நெட்வொர்க் என்பதன் உண்மையான பலன் இதுதான். ஆயிரம் பேரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தன் வகுப்பு மாதிரியே ஒரு வகுப்பைக் கையாளும் நான்கு பேரைத் தெரிந்திருந்தால் போதும்.

வேறு எங்காவது இது பலித்திருக்கிறதா?

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2011ல் ‘சப்ஜெக்ட் டீச்சர் ஃபோரம்’ என்ற முயற்சி தொடங்கியது. ‘ஐடி ஃபார் சேஞ்ச்’ என்ற தன்னார்வ அமைப்பும் மாநிலக் கல்வித் துறையும் சேர்ந்து நடத்தியது. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பாடவாரியாக மின்னஞ்சல் குழுக்கள். இதில் கவனிக்க வேண்டியது, முதலில் நேரடிப் பயிற்சியில் ஆசிரியர்கள் சந்தித்தார்கள். அதன் பிறகுதான் குழுவில் பேசினார்கள். அவர்களின் பாடப்பொருள்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் ஒரு பொதுத்தளத்தில் சேர்ந்தன.

2015ல் டாட்டா அறக்கட்டளைகள், டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், அமெரிக்காவின் எம்ஐடி ஆகியவை ‘கிளிக்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா அரசுப் பள்ளி ஆசிரியர்கள் டெலிகிராம் போன்ற செயலிகளில் பாடவாரியாகக் கூடி, வகுப்பில் செய்ததைப் பகிர்ந்தார்கள்.

உலக அளவில், 2009ல் ட்விட்டரில் ‘எட்சாட்’ என்ற ஹேஷ்டேக்கில் ஆசிரியர்கள் வாரம்தோறும் குறித்த நேரத்தில் கூடி ஒரு தலைப்பைப் பேசத் தொடங்கினார்கள். ட்விட்டரைப் பயன்படுத்தும் 755 கல்வியாளர்களிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்பென்டரும் க்ருட்காவும் எடுத்த ஆய்வு 2014ல் வெளியானது. தொழில் மேம்பாட்டுக்குத்தான் அதை அதிகம் பயன்படுத்துவதாகவும், தனிமை உணர்வு குறைவதாகவும் ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். அமெரிக்க ஆசிரியருக்கும் குஜிலியம்பாறை ஆசிரியைக்கும் பொதுவான பிரச்சினை இந்தத் தனிமைதான்.

இந்த முயற்சிகளில் பொதுவாகத் தெரிவது, குழுவுக்கு ஒரு பாடமோ தலைப்போ உண்டு. அதை நடத்த ஆளும் உண்டு. ‘எல்லா ஆசிரியர்களும் எல்லாவற்றையும் பேசும்’ குழு நீண்ட நாள் பிழைப்பது கடினம்.

எந்தச் செயலி எதற்கு?

வாட்ஸ்அப்: எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் கற்கும் குழுவுக்கு 15 முதல் 25 பேர் என்பதே நல்ல அளவு. பழைய பதிவைத் தேடி எடுப்பது சிரமம், போனை மாற்றும்போது தொலைந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

டெலிகிராம்: குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். கோப்புகளைச் சேமித்துத் தேட வசதி. குழுவில் உள்ளவர்களுக்கு நம் எண்ணைக் காட்டாமல் மறைக்கலாம். நூலகம் மாதிரிப் பயன்படுத்தலாம். உரையாடலுக்குச் சிறிய குழுவே நல்லது.

யூடியூப்: செய்துகாட்ட வேண்டியவற்றுக்கு ஏற்றது. ஓர் அறிவியல் சோதனையைப் பத்துப் பத்தியில் எழுதுவதைவிட மூன்று நிமிட வீடியோ தெளிவு.

ஃபேஸ்புக்: அறிமுகமில்லாத ஆசிரியர்களைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் பதிவு பொதுவெளியில் நிற்கும் என்ற நினைப்பு எப்போதும் வேண்டும்.

இவை தவிர, பாடப்பொருளுக்கு அரசின் சொந்தத் தளங்கள் இருக்கின்றன. 2019 ஆகஸ்ட் 26ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகள் யூடியூப்பிலும் கிடைக்கின்றன. 2023ல் வந்த ‘மணற்கேணி’ செயலி, பாடக் கருத்துகளை அனிமேஷன் வீடியோக்களாகத் தருகிறது. பாடநூல்களின் க்யூஆர் குறியீடுகளும் உண்டு. பாடப்பொருள் அங்கே இருக்கிறது. ‘அந்த வீடியோவை என் வகுப்பில் எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டேன்’ என்ற அனுபவத்தைத்தான் குழுவில் பேச வேண்டும்.

தகுதித்தேர்வு நெருக்கடி: குழு இங்கேயும் உதவுமா?

2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பணியில் இருக்கும் ஆசிரியர்களையும் மீண்டும் படிக்க உட்கார வைத்திருக்கிறது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித்தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுபவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்ச்சி தேவை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பது பெரிய அமர்வின் முடிவுக்கு விடப்பட்டது.

கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே வேலைக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் புத்தகத்தைத் தூக்க வேண்டிய நிலை. முதல் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும், தமிழ் போன்ற முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள். பகுதிக்கு 30 கேள்விகள், மொத்தம் 150.

பகலில் பள்ளி, மாலையில் வீட்டு வேலை, இரவில்தான் படிப்பு என்று இருப்பவர்களுக்குச் சின்னப் படிப்புக் குழு பெரிய துணை. ஐந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு பகுதியை எடுத்து, தினமும் பத்துக் கேள்வி என்று போகலாம். கவனித்தால், ‘குழந்தை ஏன் 35 என்று எழுதியது?’ என்ற விவாதமே கற்பித்தல் முறைப் பகுதிக்கான தயாரிப்பும்தான். தேர்வுக்குப் படிப்பதும் வகுப்புக்குப் படிப்பதும் அங்கே ஒன்றாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: ‘வினாத்தாள் முன்கூட்டியே கிடைக்கும்’, ‘தேர்ச்சிக்கு உத்தரவாதம்’ என்று பணம் கேட்கும் குழுக்களில் இருந்து உடனே வெளியேறுவதே நல்லது. தேர்வு அறிவிப்புகளை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் உறுதி செய்ய வேண்டும்.

எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

குழந்தைகளின் படம்: குழந்தை அழகாகப் பாடுகிறது என்று எடுக்கும் வீடியோ, ஆசிரியரின் கையை விட்டுப் போனால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. பாதிக்கப்பட்ட குழந்தைகள், பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கற்றலுக்குத் தேவை அந்தக் குழந்தையின் சிலேட்டும் நோட்டும்தான், முகம் வேண்டியதில்லை.

படிக்க வராத குழந்தை: ‘இந்தப் பையனுக்கு எதுவுமே ஏறாது’ என்று பெயரோடு வரும் ஒரு பதிவு, அந்த ஊருக்கே போய்ச் சேரலாம். தவறைப் பேசலாம். குழந்தையைப் பேசக் கூடாது.

போலிச் சுற்றறிக்கை: விடுமுறை, இடமாறுதல், ஊதியம் பற்றி வரும் படங்களில் எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து, துறையின் தளத்தில் சரிபார்த்த பிறகே பகிர வேண்டும்.

ஏபிகே கோப்பு, ஓடிபி: ‘ஆசிரியர் விவரம் புதுப்பிக்க’ என்று வரும் இணைப்பையோ, ஏபிகே கோப்பையோ தொட வேண்டாம். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

நடத்தை விதிகள்: அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973 பொருந்தும். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதற்கு அதில் கட்டுப்பாடு உண்டு. மூடிய குழுவில் போட்டதும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் வெளியே வந்துவிடும்.

பெண் ஆசிரியர்களின் எண்: பெரிய குழுவில் சேர்ந்ததும் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து தனிச் செய்திகள் வரலாம். முகப்புப் படம், ஆன்லைன் நேரம் ஆகியவற்றை மறைத்து வைப்பதும், யார் வேண்டுமானாலும் குழுவில் சேர்க்க முடியாதபடி அமைப்பை மாற்றுவதும் முதல் வேலை. தொந்தரவு செய்தவரை நீக்குவது அட்மினின் பொறுப்பு.

கட்டாயப்படுத்தினால் கெட்டுப்போகும்

நல்ல குழுவைக் கொல்ல எளிய வழி, அதை அதிகாரபூர்வமாக்கி, ‘தினமும் ஒரு பதிவு, படத்தோடு’ என்று உத்தரவு போடுவது. மறுநாள் முதல் படம் வரும், கேள்வி நின்றுவிடும். படம் எடுப்பதற்காகச் செயல்பாடு செய்யும் நிலை வந்தால், குழு இருந்தும் பயனில்லை.

நேரமும் ஒரு பிரச்சினை. இரவு பத்து மணிக்கு வரும் ‘அவசரம்’ ஓய்வைக் கெடுக்கும். கற்கும் குழுவில் எந்தச் செய்தியும் அவசரமாக இருக்க வேண்டியதில்லை. ‘முடிந்தபோது பதில் போடுங்க’ என்பதே அதன் சட்டம்.

அதிகாரிகளுக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை, அந்த மாதம் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிய பிரச்சினைகளுக்கு ஒதுக்கலாம். ஆசிரியர் பயிற்றுநர்கள் கேட்பவர்களாக உட்காரலாம். பயிற்சியாக வரும் வருகையைக் கணக்கில் எடுப்பது போல, ஆசிரியர்கள் தாமாகக் கூடிக் கற்பதையும் மதிக்கலாம். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகமும், அங்கே இருக்கும் லட்சுமி கல்வியியல் கல்லூரியும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. பாட வல்லுநரின் உதவி தேவைப்பட்டால் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நாளைக்கே தொடங்குவது எப்படி?

1. ஒரு வகுப்பு அல்லது ஒரு பாடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். ‘மூன்றாம் வகுப்புக் கணக்கு’ என்ற அளவுக்குக் குறுகலாக இருக்கட்டும்.

2. நேரில் பார்த்துப் பழகிய ஐந்து பேரோடு தொடங்குங்கள். குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்பவர்களே போதும். பிறகு வேறு வட்டாரத்திலிருந்து சிலரைச் சேர்க்கலாம்.

3. முதல் நாளே மூன்று விதி: வாழ்த்து இல்லை, ஃபார்வர்டு இல்லை, குழந்தையின் முகமும் பெயரும் இல்லை.

4. வாரம் ஒரு கேள்வி. கேட்பவர் மாறி மாறி வரட்டும். மூத்த ஆசிரியர் முதல் கேள்வி கேட்டால் மற்றவர்களின் கூச்சம் போய்விடும்.

5. யோசனையைச் செய்துபார்த்தவர், ஒரு வாரத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். பலிக்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும்.

6. மாதக் கடைசியில் ஒருவர், பயன்பட்டவற்றை ஒரு பக்கத்தில் தொகுத்து வைக்கட்டும். அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு வரும் புது ஆசிரியருக்கு அந்த ஒரு பக்கம் பெரிய சொத்து.

7. பருவத்துக்கு ஒருமுறை நேரில் சந்தியுங்கள். முகம் பார்த்துப் பேசியவர்களிடம்தான் ‘எனக்கு வரலை’ என்று சொல்ல மனசு வரும்.

இதற்குப் புதுச் செயலியும் வேண்டாம், நிதியும் வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். தேவைப்படுவது, தன் வகுப்பில் நடக்காததை வெளியே சொல்லும் துணிச்சலும், சொன்னவரைக் கேலி செய்யாத நாலு பேரும். அந்த நாலு பேர் கிடைத்துவிட்டால், 52லிருந்து 27ஐக் கழிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்புக்குப் போகும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையும்.